கூழும் வலையும் குடிநீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே கடலிற் பரந்து கிடக்கும் தீவுகளிலே நாள்தோறும் கையாளப்படும் பொருள்கள் மூன்றினை முதற்கண் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடிக்கும் ஒடியற் கூழ். மற்றொன்று, ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் மீனவர் கடலில் விரிக்கும் வலை. மூன்றாவது, குடிநீர். உணவு, தொழிற்கருவி, தண்ணீர் என வெவ்வேறாகத் தோன்றும் இவற்றினிடையே நெருங்கிய உறவு ஒன்று உண்டு. கூழைத் தடிக்கச் செய்வனவும், வலைக்கு வலிமை தருவனவும், இக்காலத்தில் உவர்நீரை வடித்து நன்னீராக்குவனவும் ஒரே இனத்தைச் சேர்ந்த மூலக்கூறுகள். அவை நீண்ட சங்கிலி வடிவின. அச்சங்கிலிகள் எவ்வாறு சுருண்டும் நெளிந்தும் பின்னியும் கிடக்கின்றன என்பதைக் கண்ணாற் காண இயலாது. அதனைக் கணினியிற் போலச்செய்து பார்த்து அறியும் முறையே இப்பேச்சின் பொருளாகும்.

சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கண்ணி கண்ணியாகத் தொடுக்கப்படுவதால் உண்டாகும் நெடுஞ்சங்கிலியை இலங்கைப் பாடநூல்கள் பல்பகுதியம் என்று வழங்குகின்றன. தமிழ்நாட்டார் பலபடி என்பர். தீவகம் இத்தகைய பொருள்கள் மலிந்த இடம். பனங்கிழங்கிலுள்ள மாப்பொருள், குளுக்கோசு என்னும் சிறு மூலக்கூறுகளைத் தொடுத்த சங்கிலியாகும். பனந்தும்பிலுள்ள செலுலோசும் அதே குளுக்கோசைத் தொடுத்த சங்கிலியே. தொடுத்த முறையில் மட்டும் சிறு வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டினால் ஒன்று வயிற்றுக்கு உணவாகிறது. மற்றது கயிறும் தூரிகையும் ஆகிறது.

கடலிலும் இச்சங்கிலிகள் உண்டு. முன்னாளில் வலைகள் பருத்தி நூலாற் பின்னப்பட்டன. பருத்தி உவர்நீரில் விரைவாக இற்றுப்போகும். ஆகவே மரப்பட்டைச் சாயம் ஊட்டியும், அடிக்கடி வெயிலில் உலர்த்தியும் வலைகளைக் காத்தனர். 1935 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் இரசாயன அறிஞர் நைலோனை ஆக்கினார். நைலோன் நூலும் தங்கூசியும் கரையோரங்களுக்கு வந்து சேர்ந்தபின் அந்தச் சாயமூட்டும் வேலை ஒழிந்தது. அழியாத நூல் கிடைத்தது. கடலிற் கைவிட்டுப்போன வலையும் அழியாது கிடந்து மீனைக் கொல்லும் புதிய தீமையும் அதனோடு வந்தது.

தீவகக் கடலின் ஆழங்குறைந்த பகுதிகளிற் பிடிக்கப்படுவதும் வளர்க்கப்படுவதுமாகிய கடலட்டையையும் இங்கே கூறவேண்டும். அதன் உடற்சுவர் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதச் சங்கிலிகளால் ஆயது. தீண்டினால் விறைத்துக்கொள்வதும், வேறுவேளையில் இளகிப்போவதும் அதன் இயல்பு. இவ்வாறு விறைப்பதும் இளகுவதும் சங்கிலிகளுக்கிடையிலுள்ள பிடிப்பு இறுகுவதாலும் தளர்வதாலும் நிகழ்வன. நைலோன் ஆலையிற் பிறந்தது. கொலாஜன் உயிருடலிற் பிறந்தது. ஆயினும் இரண்டிலும் கண்ணியோடு கண்ணியை இணைக்கும் பிணைப்பு ஒன்றே. அதனை ஏமைட்டுப் பிணைப்பு என்பர். இப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று. குடிநீரைப் பற்றிப் பேசும்போது அது மீண்டும் வரும்.

இனி, கூழைச் சற்று உற்று நோக்கலாம். ஒடியல்மாவை நீரில் ஊறவிட்டுக் கசப்பை நீக்குவர். மீனும் நண்டும் இறாலும், பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் வெந்து கொதிக்கும் பானையில் அந்த மாவைக் கரைத்து விடுவர். அதுவரை தண்ணீராய் ஓடிய குழம்பு சிறிது நேரத்திலே தடித்துவிடுகிறது. பானையிலுள்ள நீரின் அளவோடு ஒப்பிட்டால் மாவின் அளவு சிறியதே. சிறிதளவு மா பெரும் பானையைத் தடிக்கச் செய்வது எவ்வாறு? வெப்பத்தினால் மாமணிகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. அவற்றிலிருந்து சங்கிலிகள் நீரிற் கசிகின்றன. ஒவ்வொரு சங்கிலியும் தன் பருமனைவிடப் பல மடங்கு பெரிதான இடத்தில், நீரைத் தன்னுள்ளே அடக்கிக்கொண்டு, உதறிப்போட்ட நூற்பந்து போலக் கிடக்கிறது. பந்துகள் ஒன்றையொன்று தொட்டு நெருங்கும்போது பானை முழுவதும் அவற்றால் நிரம்பிவிடுகிறது.

அகப்பையால் விரைந்து கலக்கினால் கூழ் இளகும். கலக்குவதை நிறுத்தினால் மீண்டும் தடிக்கும். ஆறியபின் மேலும் இறுகும். தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் இத்தகைய குணங்கள் இல்லை. எவ்வாறு கலக்கப்படுகிறது, எவ்வளவு நேரம் வைக்கப்படுகிறது என்பவற்றுக்கு ஏற்பத் தம் இயல்பை மாற்றிக்கொள்ளும் இத்தகைய பொருள்களைச் சிக்கற் பாய்மங்கள் எனலாம். பால், குருதி, சேறு, வண்ணப்பூச்சு, சவர்க்கார நுரை முதலியன யாவும் இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றின் இயல்பை முன்கூட்டிக் கூறவேண்டுமாயின், உள்ளே கிடக்கும் சங்கிலிகளும் துகள்களும் எவ்வெவ் வடிவில் உள்ளன என்பதை அறியவேண்டும்.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. நூறு கண்ணிகள் கொண்ட ஒரு சிறிய சங்கிலியை எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு கண்ணியும் மூன்று திசைகளுள் ஏதேனும் ஒன்றில் திரும்பலாம் என்று கொண்டால், சங்கிலி முழுவதும் எடுக்கக்கூடிய வடிவங்களின் தொகை, 5 என்னும் எண்ணுக்குப் பின் 47 சுழிகளை இட்டால் வரும் எண்ணை எட்டும். செக்கனுக்கு நூறு கோடி வடிவங்களைப் பார்க்கும் கணினி ஒன்று, அவை அனைத்தையும் பார்த்து முடிக்க 16 இற்குப் பின் 30 சுழிகள் இட்ட அத்தனை ஆண்டுகள் வேண்டும். பிரபஞ்சத்தின் வயதோ ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகளே. ஆகவே, எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து விடைகாணும் வழி அடைபட்ட வழியாகும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழ்ப் பழமொழி. விஞ்ஞானிகள் கண்ட முதல் வழியும் அதுவே. எல்லா வடிவங்களையும் பாராமல், தக்க சிலவற்றை எடுத்துப் பார்த்து முழுவதையும் மதிப்பிடுவது அம்முறை. ஆனால் பானை நன்கு கலக்கப்பட்டிருத்தல் வேண்டும். மேலாக அள்ளிய ஓர் அகப்பையைக் கொண்டு, அடியிற் கிடக்கும் நண்டை அறிய இயலாதன்றோ? கலக்கும் விதியை வகுத்ததே பெருஞ்செயல். 1953 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் அலமொசு ஆய்வுகூடத்தில் நிக்கலஸ் மெற்றோபொலிசு, மார்ஷல் ரோசன்புளூத், அரியானா ரோசன்புளூத், எட்வேர்ட் டெல்லர், ஒகஸ்டா டெல்லர் ஆகிய ஐவர் அவ்விதியை வெளியிட்டனர். மேனியாக் என்னும் கணினியிலே 224 துகள்களைக் கொண்டு அதனைச் சோதித்தனர். அதற்குரிய கட்டளைகளைக் கணினிக்கு எழுதியவர் அரியானா ரோசன்புளூத் என்னும் பெண்மணி.

அவ்விதி எளியது. ஒரு துகளைத் தற்செயலாகச் சிறிது நகர்த்திப் பார்க்கவேண்டும். அதனால் ஆற்றல் குறையுமாயின் அந்த நகர்வை ஏற்கவேண்டும். ஆற்றல் கூடுமாயின் உடனே தள்ளிவிடாமல், நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போல ஒரு தற்செயல் எண்ணை எடுத்து, எவ்வளவுக்கு ஆற்றல் கூடுகிறதோ அவ்வளவுக்கு அரிதாக ஏற்கவேண்டும். இதனைப் பல இலட்சம் முறை செய்தால், இயற்கையில் எந்த வடிவங்கள் மிகுதியாகக் காணப்படுமோ அவையே கணினியிலும் மிகுதியாகத் தோன்றும். தற்செயலை ஆளும் இம்முறைக்குச் சூதாட்டத்துக்குப் பேர்போன மொன்டே கார்லோ நகரின் பெயரே இடப்பட்டது. ரோசன்புளூத் தம்பதியர் 1955 ஆம் ஆண்டிலே தற்செயல் முறையால் சங்கிலி மூலக்கூறுகளின் நீட்சியையும் கணித்தனர்.

அவ்வழியிற் சென்ற கணிப்புகள் காட்டியது யாது? சங்கிலி தன்னையே ஊடுருவிச் செல்லலாம் என்று கொண்டால், கண்ணிகளின் தொகை நூறு மடங்காகும்போது நூற்பந்தின் அகலம் பத்து மடங்காகும். ஆனால் உண்மைச் சங்கிலியின் ஒரு கண்ணி நிற்கும் இடத்தில் மற்றொரு கண்ணி நிற்க இயலாது. அந்த ஒரு தடையைச் சேர்த்தவுடன் அகலம் ஏறக்குறைய பதினைந்து மடங்காகிறது. சங்கிலி தன்னைத் தானே விலக்கிக்கொண்டு விரிகிறது. போல் ஃபுளோரி என்னும் அறிஞர் இதற்கு ஏறக்குறையச் சரியான விடையைத் தாளிலே கணித்திருந்தார். அவருக்கு 1974 இல் நோபெல் பரிசு கிடைத்தது. கணினி அவ்விடையைச் செம்மைப்படுத்தியது. இதிற் குறிக்கத்தக்கது வேறொன்று உண்டு. சங்கிலி மாப்பொருளா, நைலோனா என்ற வினாவே இக்கணக்கில் எழவில்லை. நீளம் ஒன்று, ஒரே இடத்தில் இருவர் நிற்க முடியாமை மற்றொன்று, இவ்விரண்டுமே போதியனவாயின.

ஒரே இடத்தில் இரண்டு பொருள் நிற்க முடியாது என்னும் இந்த எளிய கருத்தைக் கொண்டு தமிழ் மண்ணிலும் பெருஞ்செயல் ஒன்று நிகழ்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்திலே ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954, 1955 ஆம் ஆண்டுகளில் கொலாஜனின் அமைப்பை விளக்கினார். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு போன்றது அது என்பதே அவர் கண்ட முடிவு. கடலட்டையின் உடற்சுவரிலும் அதே முப்புரிக் கயிறு உண்டு. பின்னர் 1963 இல், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரோடு அவர் மற்றொரு கட்டுரையை வெளியிட்டார். புரதச் சங்கிலியின் கண்ணிகள் எக்கோணங்களில் திரும்பலாம், எக்கோணங்களில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதை அவர்கள் கணித்தனர். மிகப் பெரும்பாலான கோணங்கள் விலக்கப்பட்டவை என்றும், சில பகுதிகளே இசைவானவை என்றும் தெரியவந்தது. இராமச்சந்திரன் வரைபடம் என்னும் அப்படத்தைக் கொண்டே இன்றும் உலகெங்கும் புரத அமைப்புகள் சரிபார்க்கப்படுகின்றன. அணுவைக் கடினமான உருண்டை என்று மட்டும் கொண்டு, மற்றவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டமையே அக்கணிப்பின் பலம்.

தற்செயல் முறை சங்கிலியின் வடிவங்களைக் காட்டும். அது எவ்வாறு நகர்கிறது என்பதைக் காட்டாது. நகர்வை அறிய மற்றொரு முறை உண்டு. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் படகு இப்போது எங்கே உள்ளது, எவ்வேகத்திற் செல்கிறது, காற்றும் நீரோட்டமும் எவ்வளவு தள்ளுகின்றன என்பவை தெரிந்தால், அடுத்த நிமிடத்தில் அது எங்கே இருக்கும் என்று கணிக்கலாம். அவ்வாறே ஒவ்வோர் அணுவையும் மற்ற அணுக்கள் எவ்வளவு இழுக்கின்றன, எவ்வளவு தள்ளுகின்றன என்று கணித்து, நியூற்றனின் விதிப்படி அதனைச் சிறிது நகர்த்தி, மீண்டும் கணித்து, மீண்டும் நகர்த்திச் செல்லலாம். இதற்கு மூலக்கூற்று இயக்கவியல் என்று பெயர். ஐதராபாத்திற் பிறந்த அனீசுர் ரகுமான் 1964 இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்தில் 864 ஆர்கன் அணுக்களைக் கொண்டு ஒரு திரவத்தின் இயக்கத்தை இவ்வாறு கணித்துக் காட்டினார். 1971 இல் பிராங்க் ஸ்ரில்லிங்கருடன் சேர்ந்து தண்ணீரையும் அவ்வாறே ஆராய்ந்தார். அப்போது எடுத்துக்கொண்ட நீர் மூலக்கூறுகள் 216.

இம்முறையின் குறை நேரம் பற்றியது. அணுக்கள் மிக விரைந்து அதிர்வதால், ஒவ்வொரு நகர்வும் மிகச் சிறிய நேரத்துக்கே செய்யப்படவேண்டும். 1 இற்குப் பின் 15 சுழிகள் இட்டால் வரும் எண்ணால் ஒரு செக்கனைப் பிரித்தால் கிடைக்கும் நேரமே ஓர் அடி. கூழோ தடிப்பதற்குச் சில நிமிடங்கள் எடுக்கிறது. அணு அணுவாகக் கணித்து அந்த நிமிடங்களைக் கடக்க எந்தக் கணினியாலும் இயலாது.

ஆதலால் எதையேனும் விட்டுவிட்டுத்தான் கணக்கிடவேண்டும். பாக்கு நீரிணையிற் படகு செலுத்துவோர் கையாளும் கடற்படத்திலே அடியிலுள்ள ஒவ்வொரு கல்லும் குறிக்கப்பட்டிருப்பதில்லை. ஆழமும் பாரும் வழியும் குறிக்கப்பட்டிருந்தால் போதும். அவ்வாறே அணுக்கள் பலவற்றை ஒன்றாகத் திரட்டி ஒரு மணியாகக் கொண்டு, மணிகளை வில்லினால் இணைத்த மாலையாகச் சங்கிலியை வரையலாம். மணிகள் ஒன்றையொன்று தள்ளவேண்டும். வில் அறுந்துபோகாமல் இருக்கவேண்டும். ஒரு மாலை மற்றொரு மாலையை ஊடறுத்துச் செல்லாதிருக்கவேண்டும். இவற்றைத் தவிர மற்றெல்லாம் விடப்படுகின்றன.

இவ்வெளிய மாலையின் பயனைக் காட்ட ஒரு வழக்கைக் கூறலாம். உருகிய நைலோனிலும் பிளாத்திக்கிலும் சங்கிலிகள் நீர் இல்லாமலே நெருங்கிப் பின்னிக் கிடக்கின்றன. குவித்துப்போட்ட வலைக்குவியலிலிருந்து ஒரு கயிற்றை உருவ முயன்ற மீனவருக்கு அந்த நிலைமை தெரியும். பக்கவாட்டில் இழுத்தால் கயிறு வாராது. அதன் நுனியைப் பற்றி, அது கிடக்கும் வழியாகவே இழுத்தால் வரும். பின்னலிற் கிடக்கும் சங்கிலியும் மற்றச் சங்கிலிகளால் ஆகிய ஒரு குழாயினுள் அடைபட்டிருக்கிறது என்று 1967 இல் சாம் எட்வேட்ஸ் என்னும் பிரித்தானிய அறிஞர் கூறினார். அக்குழாயின் வழியே சங்கிலி பாம்பு போல ஊர்ந்து வெளியேறுகிறது என்று 1971 இல் பிரான்சு நாட்டின் பியேர் ஜில் டி ஜென் கூறினார். நாகத்தின் பெயர் விளங்கும் நயினாதீவைச் சூழ வாழ்வோருக்கு இவ்வுவமை அந்நியமன்று. டி ஜென்னுக்கு 1991 இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

ஆயினும் பாம்பு ஊர்வதைக் கண்டவர் யார்? சங்கிலியின் நீளம் இரு மடங்காகும்போது உருகிய பொருளின் பிசுக்குமை ஏறக்குறைய பத்து மடங்குக்கு மேல் உயர்வதை ஆய்வுகூடங்கள் அளந்திருந்தன. ஊர்வுக் கொள்கை எட்டு மடங்கு என்றது. கொள்கை ஏறக்குறையச் சரி, முழுதும் சரியன்று. 1990 இல் ஜெர்மனியின் கூர்ட் கிரெமரும் அமெரிக்காவின் கரி கிரெஸ்ற்றும் மணிமாலைச் சங்கிலிகளைக் கணினியிலே நெருக்கமாக நிரப்பி, நெடுநேரம் ஓடவிட்டுப் பார்த்தனர். குறுகிய சங்கிலிகள் விருப்பப்படி நெளிந்தன. நீண்ட சங்கிலிகளோ பக்கவாட்டில் நகர முடியாமல், தத்தம் வழியிலே ஊர்ந்தன. எந்த நீளத்துக்கு மேல் பின்னல் தொடங்குகிறது என்பதையும் அவர்கள் கணித்துக் கூறினர். அம்மணிகளுக்கு எந்த இரசாயனப் பெயரும் இல்லை. எனினும் உண்மைப் பல்பகுதியங்கள் பலவற்றில் அளந்த பெறுபேறுகளோடு அவை ஒத்துப்போயின. தங்கூசி எவ்வளவு நீளச் சங்கிலிகளால் ஆக்கப்பட்டால் வலிமையுறும், உருகிய நிலையில் துளையினூடாக எவ்வளவு எளிதில் ஓடும் என்னும் ஆலை வினாக்களுக்கும் இத்தகைய அறிவே அடிப்படை.

கூழ் போன்ற பாய்மங்களில் நீரின் ஓட்டமும் கணக்கில் வரவேண்டும். ஒரு சங்கிலி நகர்ந்தால் நீர் நகர்கிறது. நீர் நகர்ந்தால் அடுத்த சங்கிலி நகர்கிறது. 1992 இல் நெதர்லாந்திலே ஹூகர்பிரக், கூல்மன் என்னும் இருவர், நீரையே பருமனான மென்துகள்களாகத் திரட்டிக்கொண்டு, அவை உராய்ந்தும் தற்செயலாக உதைத்தும் நகர்வதாகக் கணிக்கும் முறை ஒன்றை வகுத்தனர். குழம்பு, பூச்சு, குருதி முதலியவற்றின் ஓட்டத்தை ஆராய அது பெரிதும் பயன்படுகிறது.

இதுகாறும் கூறியவற்றால், விவரங்களை விட்டுவிடுவதே சிறந்த வழி என்று நேயர்கள் முடிவு செய்யக்கூடும். குடிநீரின் கதை அம்முடிவைத் திருத்துகிறது.

தீவகத்தில் ஆறில்லை. மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலே பெய்து, சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, நிலத்தடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. கிணறுகள் அந்த மிதக்கும் நன்னீரையே தருகின்றன. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் நிற்குமாயின் கீழே ஏறக்குறைய நாற்பது சாண் நிற்கும் என்பது விதி. அதாவது, மிதமிஞ்சி இறைத்து மேலே ஒரு சாண் குறைந்தால், காலப்போக்கில் அடியிலே நாற்பது சாண் உவர்நீர் எழும். ஒருமுறை உவர்த்த கிணறு திருந்தப் பல மாரிகள் வேண்டும். நெடுந்தீவிலே ஒரு குடம் நல்ல தண்ணீருக்காக நடக்கும் தூரம் இக்கணக்கினாலே தீர்மானிக்கப்படுகிறது.

ஆகவேதான் அண்மைக் காலத்திலே தீவுகளிலும் குடாநாட்டிலும் சவ்வினால் உவர்நீரை வடிக்கும் நிலையங்கள் தோன்றின. மக்கள் ஆர்.ஓ. தண்ணீர் என்று கூறுவது அதனையே. வடமராட்சி கிழக்கிலுள்ள தாழையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் தரவல்ல நிலையம் 2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. நன்னீரையும் உவர்நீரையும் ஒரு மெல்லிய சவ்வு பிரித்து நின்றால், நன்னீர் தானாகவே உவர்நீர்ப் பக்கம் செல்லும். இது பிரசாரணம். உவர்நீர்ப் பக்கத்தில் அமுக்கத்தைச் செலுத்தினால் நீர் எதிர்த்திசையில் வரும், உப்பு நின்றுவிடும். கடல்நீருக்கு இவ்வமுக்கம், 270 மீற்றர் ஆழத்து நீர் தரும் அமுக்கத்திலும் கூடியதாக இருத்தல் வேண்டும். நடைமுறையில் அதன் இரு மடங்கு வரை செலுத்துகின்றனர்.

இம்முறையைத் தொழிலுக்கு உகந்ததாக்கிய சவ்வை 1960 ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிசுக் கல்விக்கூடத்திலே ஆக்கியவர்கள் இருவர். ஒருவர் சிட்னி லோப். மற்றவர் இந்தியாவிலிருந்து சென்ற சீனிவாச சௌரிராஜன். அவர்கள் கையாண்ட பொருள் செலுலோசிலிருந்து பெறப்பட்ட அசற்றேற்று. பனந்தும்புக்கு உறுதி தரும் அதே சங்கிலி, சிறிது மாற்றப்பட்டுக் கடல்நீரை வடித்தது. 1970களில் ஜோன் கடொட் என்பவர் வேறொரு சவ்வை ஆக்கினார். இன்று பெரும்பாலான நிலையங்களில் உள்ளது அதன் வழிவந்ததே. அதன் வடிக்கும் படலம் ஏமைட்டுப் பிணைப்பால் ஆகிய பல்பகுதியம். நைலோன் வலைக்கும் கடலட்டைக்கும் உரிய பிணைப்பே குடிநீரையும் தருகிறது.

இந்தப் படலத்தினூடே நீர் எவ்வாறு செல்கிறது? 1965 முதல் வழங்கிவந்த கொள்கை ஒன்று உண்டு. நீர் படலத்தினுள்ளே கரைந்து, மூலக்கூறு மூலக்கூறாகப் பரவி, மறுபக்கம் வெளியேறுகிறது என்பது அக்கொள்கை. படலத்தினுள்ளே அமுக்கம் மாறாது என்றும், நீரின் செறிவே குறைந்து செல்கிறது என்றும் அது கொண்டது. அறுபது ஆண்டுகளாகச் சவ்வுகளை ஆக்குவோர் பெரும்பாலும் இதனையே நம்பினர். 2023 ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெனகெம் எலிமெலெக் முதலியோர் சோதனைகளோடு கணினி முறையையும் கொண்டு இதனை ஆராய்ந்தனர். ஏமைட்டுச் சங்கிலிகளின் வலையமைப்பை அணு அணுவாகக் கணினியிற் கட்டி, அதன்மேல் அமுக்கத்தைச் செலுத்தி, ஒவ்வொரு நீர் மூலக்கூறும் செல்லும் வழியைப் பின்தொடர்ந்தனர். நீர் தனித்தனியே கரைந்து பரவவில்லை. சங்கிலிகளின் அசைவால் திறந்தும் மூடியும் நிற்கும் நுண்துளைகளின் வழியே, கூட்டங் கூட்டமாகச் சென்றது. நீரின் செறிவு பெரிதும் மாறவில்லை. அமுக்கமே குறைந்து சென்றது.

இந்த வேறுபாட்டால் குடம் சுமப்போருக்கு என்ன பயன் என்று வினவலாம். நீர் துளைவழி செல்லுமாயின், துளைகளின் அளவையும் தொடர்பையும் திருத்துவதே நல்ல சவ்வை ஆக்கும் வழியாகும். 2021 இல் அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று இலத்திரன் நுணுக்குக்காட்டியால் இப்படலங்களின் முப்பரிமாணப் படங்களை எடுத்து, நீரின் ஓட்டத்தைக் கணித்தது. மெல்லிய படலமே விரைந்து வடிக்கும் என்ற நம்பிக்கை பிழையாயிற்று. எங்கும் ஒரே சீராக அடர்த்தியுள்ள படலமே நன்கு வடித்தது. அங்கங்கே திணிந்து கிடக்கும் சங்கிலிகளே தடை. நன்கு வடிக்கும் சவ்வுக்குக் குறைந்த அமுக்கம் போதும். குறைந்த அமுக்கத்துக்குக் குறைந்த மின்சாரம் போதும். பெருநிலத்து மின்வலையோடு இணையாத நெடுந்தீவு போன்ற இடத்திலே தண்ணீரின் விலை பெரும்பாலும் மின்சாரத்தின் விலையாகும். கடல்நீரில் ஒரு கன மீற்றரை வடிக்க இன்றைய நிலையங்களிற் பெரும்பாலும் மூன்று முதல் நான்கு அலகு மின்சாரம் செலவாகிறது. இயற்கை விதி கோரும் குறைந்த அளவு, பாதி நீரை வடித்தெடுக்கும்போது, ஓர் அலகுக்குச் சற்றே மேல். ஆகவே திருத்தத்துக்கு இடமுண்டு. எனினும் எல்லையற்ற இடமன்று.

சவ்வை அடைக்கும் பகையும் பல்பகுதியமே. கடற்பாசியிலிருந்து கசியும் அல்ஜினேற்று என்னும் சங்கிலி, சவ்வின்மேற் படிந்து வழுவழுப்பான படலமாகிறது. கல்சியம் அச்சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குகிறது. சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த தீவகத்தின் கிணற்றுநீரிலே கல்சியம் குறைவில்லாதது. கடலிலும் அது உண்டு. ஆகவே ஓரிடத்தில் நெடுங்காலம் உழைக்கும் சவ்வு மற்றோரிடத்தில் விரைவில் அடைபடலாம். அல்ஜினேற்றுச் சங்கிலியையும் கல்சியத்தையும் சவ்வின் பரப்பையும் சேர்த்துக் கணினியில் ஆராய்வது இக்காரணத்தினாலேயே. இங்கு மணிமாலை மட்டும் போதாது. எந்த அணு எதனைப் பற்றுகிறது என்பதே வினாவாதலின், அணுக்களை விட்டுவிட இயலாது. கூழின் தடிப்பை அறிய அணுவை மறக்கலாம். சவ்வின் வடிப்பை அறிய மறக்கலாகாது. எதனை விடலாம் என்பதை வினாவே தீர்மானிக்கிறது.

கணினி கூறுவதெல்லாம் வேதவாக்கு அன்று என்பதையும் கூறவேண்டும். சவ்வைப் பற்றிய கணிப்புகளில் எடுத்துக்கொள்ளப்படும் துண்டு சில நானோமீற்றர் அகலமுடையது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கே ஒரு நானோமீற்றர். கணிக்கப்படும் நேரமும் மிகச் சிறியது. அந்நேரத்துள் ஓட்டத்தைக் காணும்பொருட்டு, நிலையங்களிற் செலுத்துவதிலும் மிகுந்த அமுக்கத்தைக் கணினியிற் செலுத்துவது வழக்கம். ஆகவே 2023 இன் முடிவைப் பற்றிய விவாதம் ஓய்ந்துவிடவில்லை. கரைந்து பரவும் கொள்கையைக் காப்போரும் உளர். முடிவைத் தருவது ஆய்வுகூட அளவையே. கணினியின் பணி, எதனை அளக்கவேண்டும் என்று காட்டுவது. மேலும், எத்துணை நல்ல சவ்வும் எஞ்சிய செறிந்த உவர்நீரை எங்கே விடுவது என்ற வினாவை நீக்காது. கரையோர மீனவரின் அவ்வச்சம் நியாயமானது. அது வேறொரு கணக்கு. அதனையும் போட்டுப் பார்க்கவேண்டும்.

இவ்வாராய்ச்சிக்குப் பெருஞ்செல்வம் வேண்டும் என்று கருதுதல் பொருந்தாது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட லாம்ப்ஸ் என்னும் மென்பொருள், மூலக்கூற்று இயக்கவியலைக் கணிப்பது. அது 2004 முதல் எவரும் இலவசமாகப் பெறக்கூடியதாக உள்ளது. 1953 இல் மேனியாக் செய்த கணக்கை இன்று ஒரு மாணவனின் மடிக்கணினி சில செக்கன்களிற் செய்துவிடும். வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ உயர்தரம் பயிலும் ஒரு மாணவி, நூறு மணிகள் கொண்ட ஒரு மாலையைக் கணினியில் நெளியவிட்டு, ஃபுளோரியின் விதியைத் தானே சரிபார்க்கலாம். அதற்குத் தேவையானவை சிறிது கணிதமும், சிறிது பொறுமையும், கேட்கத்தக்க ஒரு வினாவுமே.

அவ்வினாக்கள் தீவகத்திற் குறைவில்லை. ஒடியல்மாவின் சங்கிலிகள் அரிசிமாவினவற்றிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன? கடலிற் கைவிடப்பட்ட தங்கூசி வெயிலிலும் உப்பிலும் எவ்வாறு சிதைகிறது? சுண்ணாம்பு மிகுந்த கிணற்றுநீருக்கு ஏற்ற சவ்வு எது? கடைசி வினாவுக்குக் கிடைக்கும் விடையை, வரட்சி மாதங்களிலே நெடுந்தீவின் ஒவ்வொரு குடும்பமும் குடத்தில் அளந்து பார்க்கும்.